கொசஸ்தலை ஆறு

கொசஸ்தலை ஆறு: ஆந்திர எல்லையோரக் குன்றுகளில் பிறந்து, திருவள்ளூர் மாவட்டத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து, வடசென்னையின் எண்ணூரில் வங்காள விரிகுடாவில் சேரும் ஆறு. நீளம் ஏறக்குறைய 136 கி.மீ. குசஸ்தலை, குசத்தலை, கொற்றலை என்றும் எழுதப்படும். கரையோர ஊர்களில் ‘ஆறு’ என்று சொன்னாலே போதும். எந்த ஆறு என்று யாரும் கேட்பதில்லை.

சென்னை மாநகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் மூன்று ஆறுகளில் கூவமும் அடையாறும் ஊருக்கு நடுவே ஓடுகின்றன. பாலத்தில் நின்றால் கண்ணில் படும். கொசஸ்தலை மாநகரின் வடக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, மணலிக்கும் மீஞ்சூருக்கும் இடையில் போய்விடுகிறது. மூன்றிலும் பெரிய நீர்ப்பிடிப்பு இதற்குத்தான். சுமார் 3,750 சதுர கி.மீ. சென்னைக்குக் குழாய்நீர் வந்த கதையின் முதல் அத்தியாயமும் இதுதான். அப்படியிருந்தும் மாநகரவாசிகள் பலருக்கு இப்பெயர் வெள்ள எச்சரிக்கைச் செய்தியில் மட்டுமே காதில் விழுகிறது. இந்த ஆற்றின் வரலாறு பெரும்பாலும் அதன் நீரை எங்கே, யார், எதற்காகத் திருப்பினார்கள் என்பதன் வரலாறு. கடைசியில் எண்ணூருக்கு எது வந்து சேர்ந்தது என்பதும் அதிலேயே அடங்கும்.

தலையும் போக்கும்

ஆற்றின் தலை எது என்பதில் ஏடுகள் ஒன்றுபடுவதில்லை. வடக்குத் தலை, பள்ளிப்பட்டுக்கு மேலே சித்தூர்ப் பக்கத்துக் குன்றுகளில் இருக்கிறது. லவா, குசா என்ற இரு சிற்றாறுகள் சேர்ந்து கொசஸ்தலையாவதாகப் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் சொல்வார்கள். அங்குள்ள கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறக்கப்பட்டால் மறுநாளே நெடியம் தரைப்பாலம் மூழ்கும். எதிர்க்கரை ஊர்க்காரர்கள் சுற்றுவழியில் போக வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் ஆண்டுதோறும் வரும் செய்தி இது. நந்தியாறும் நகரியாறும் இதே பக்கத்துத் துணையாறுகள். நகரி மலைகளின் நீரைக் கொண்டுவரும் நகரியாறு, பூண்டி நீர்த்தேக்கத்தின் பின்பகுதியில் வந்து கலக்கிறது.

தெற்குத் தலை காவேரிப்பாக்கம் ஏரி. பல்லவர் காலத்ததாகக் கருதப்படும் இப்பெரிய ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் கிழக்கே இறங்கிக் கொசஸ்தலைக்கு வரும். காவேரிப்பாக்கத்துக்கு நீர் வருவதோ வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே 1858இல் கட்டப்பட்ட அணைக்கட்டிலிருந்து. ஆக, பாலாறு பெருகும் ஆண்டுகளில் அதன் நீரும் எண்ணூரில் கடலைப் பார்க்கிறது. இதில் ஒரு பழைய உறவு இருப்பதாக நிலவியலார் கருதுகின்றனர். பாலாறு இன்றுள்ள பாதைக்குத் தெற்கே நகர்வதற்கு முன், மிகப் பழங்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே ஓடியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. இன்றைய சிறிய ஆற்றுக்குப் பொருந்தாத அகன்ற வண்டல் படுகையும், ஆழத்தில் கிடக்கும் மணல், சரளை அடுக்குகளும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. பாலாறு கைவிட்ட அந்த மணல்தான் பின்னாளில் சென்னையின் நிலத்தடி நீர்க் கிடங்காயிற்று.

தெற்குக் கிளை கேசாவரம் அணைக்கட்டை அடையும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு பிரிவு கூவம் ஏரி வழியாகக் கூவம் ஆறாகிச் சென்னைக்குள் போகிறது. மற்றொன்று கொசஸ்தலையாகவே பூண்டிக்குப் போகிறது. கூவத்தைச் சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள், அதன் மேல்தலையில் இன்றும் வயலுக்குப் பாயும் தெளிந்த நீர் ஓடுகிறது என்பதையும், அது கொசஸ்தலையின் உடன்பிறப்பு என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

பூண்டிக்குக் கீழே ஆறு சமவெளிக்கு வந்துவிடுகிறது. தாமரைப்பாக்கம், காரனோடை, வல்லூர் என்று கிழக்கே நகர்கிறது. காரனோடையில் கொல்கத்தா நெடுஞ்சாலை அதைக் கடக்கிறது. வல்லூர் அணைக்கட்டு கடைசிக் கட்டு. மீஞ்சூர்ப் பக்கத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நீரைத் திருப்ப எழுந்தது அது. அதற்குக் கீழே நன்னீரும் உப்புநீரும் கலக்கத் தொடங்குகின்றன. நாப்பாளையம், இடையஞ்சாவடி, சடையங்குப்பம் எனத் தாண்டி, பக்கிங்காம் கால்வாயோடு கூடி, எண்ணூர்க் கழிமுகமாக விரிந்து, முகத்துவாரக்குப்பம் அருகே கடலில் விழுகிறது.

ஆண்டின் பெரும்பகுதி இந்த ஆற்றில் ஓட்டம் இராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதுதான் அதன் ஆயுள். பங்குனியில் பூண்டிக்குக் கீழே பார்த்தால் மணலும் சீமைக்கருவேலமும்தான். கார்த்திகையில் அதே இடத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு செம்மண் நீர் போகும்.

கற்கால மனிதர்கள்

பூண்டிக்குச் சற்று வடமேற்கே, கொசஸ்தலைக்கு நீர் இறங்கும் ஓர் ஓடைக்கரையில் இருக்கிறது அத்திரம்பாக்கம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்குக் கிடைத்த முதல் அடையாளம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்கு வந்தனர். ஓடை அரித்த கரைகளில் கைக்கோடரிகள் மிகுதியாகக் கிடந்தன. இவ்வகைக் கருவிகளை ஆய்வாளர்கள் நெடுங்காலம் ‘சென்னைக் கற்கருவி மரபு’ என்றே அழைத்துவந்தனர். மாநகரம் தன் பெயரை உலகத் தொல்லியலுக்குக் கொடுத்தது இந்த ஆற்றங்கரையால்தான்.

கருவிகள் இங்கே இவ்வளவு அடர்ந்து கிடக்கக் காரணம் கல்தான். அல்லிக்குழிக் குன்றுகளில் குவார்ட்சைட் உருளைக்கற்கள் நிறைந்த பாறை இருக்கிறது. மழைநீர் அவற்றை உருட்டிப் பள்ளத்துக்குக் கொண்டுவரும். செதுக்கினால் கூர்மையாக உடையும் நல்ல கல், பக்கத்திலேயே தண்ணீர், தண்ணீருக்கு வரும் விலங்குகள். அந்நாளைய மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்?

1999 முதல் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் நிதானமாக அகழ்ந்தனர். கருவிகள் மட்டுமல்லாமல் குதிரை இனம், எருமை இனம், நீலான் வகை மான் ஆகியவற்றின் பற்களும் புதைபடிவங்களாகக் கிடைத்தன. மண்ணடுக்கில் புதையுண்ட கற்களில் அண்டக்கதிர்கள் உண்டாக்கிய தனிமங்களை அளந்து காலம் கணித்தபோது, கைக்கோடரி செய்தவர்கள் இங்கே சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தனர் என்ற முடிவு 2011இல் வெளியாயிற்று. அதே இடத்தின் மேலடுக்குகளில், பெரிய கோடரிகளை விட்டுச் சிறிய, நுட்பமான செதில் கருவிகளுக்கு மாறிய காலம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று 2018இல் அறிவித்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து இக்கால மனித இனம் புறப்பட்டு வந்தபோதுதான் இந்தியாவுக்கு அந்தத் தொழில்நுட்பம் வந்தது என்ற கருத்தை அது கேள்விக்குள்ளாக்கியது. இப்படி ஒரு கண்டத்தின் தொல்வரலாற்றையே மறுபடி யோசிக்க வைத்த இடங்கள் உலகில் அதிகமில்லை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1985இல் பூண்டியில் ஏற்படுத்திய அகழ்வைப்பகத்தில் இப்பகுதிக் கருவிகளைப் பார்க்கலாம். அருகே குடியத்தில் இயற்கைக் குகைகள் உள்ளன. சற்றுக் கீழே, ஆற்றோரப் பட்டரைப்பெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்காலம் முதல் வரலாற்றுத் தொடக்கக் காலம் வரையிலான பொருள்கள் ஒரே ஊரில் அடுத்தடுத்துக் கிடைத்தன.

ஊன்றுகோலும் மூழ்கிய ஊரும்

ஆற்றின் மேல்கரையையும் கடற்கரைத் திருவொற்றியூரையும் ஒரு பக்திக் கதை இணைக்கிறது. திருவொற்றியூரைவிட்டுப் பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்கு வாக்குக் கொடுத்த சுந்தரர், திருவாரூர் வசந்தவிழா நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணிலும் பார்வை இழந்தார். தடவித் தடவி நடந்தவர் திருவெண்பாக்கம் வந்து முறையிட, இறைவன் பார்வை தராமல் ஓர் ஊன்றுகோல் தந்தான் என்பது பெரியபுராண மரபு.

அந்தத் திருவெண்பாக்கம் இன்று நீருக்கடியில். பூண்டி நீர்த்தேக்கம் எழும்பியபோது பழைய கோயில் இருந்த இடம் மூழ்கும் பகுதிக்குள் வந்தது. ஊன்றீசுவரர் கோயிலை மேட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள். 1968இல் குடமுழுக்கு நடந்தது. சென்னைக்குக் குடிநீர் என்று எழுதும்போது, அந்த நீருக்கடியில் ஒரு பாடல் பெற்ற தலம் இருந்த நிலமும் விளைநிலமும் கிடக்கின்றன என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மாநகரின் நீர்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சென்னை கிணற்றுநீரை நம்பியிருந்தது. காலராவும் பஞ்சமும் அடிக்கடி வந்த காலம். 1860களில் ஃப்ரேசர் என்ற பொறியாளர் கொசஸ்தலையை ஊருக்குக் கொண்டுவரும் திட்டத்தைத் தீட்டினார். ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் 1868இல் அணைக்கட்டு எழுந்தது. அங்கிருந்து வெட்டிய கால்வாய் சோழவரம் ஏரிக்கு நீரைத் தந்தது. சோழவரம் செங்குன்றம் ஏரிக்குத் தந்தது. செங்குன்றத்திலிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்கு நீர் வந்தது. 1872இல் ஊருக்கு வழங்கத் தொடங்கினார்கள். கீழ்ப்பாக்கத்து மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் 1914வாக்கில்தான் வந்தன. இராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் தெருக்குழாயில் பிடித்த குடம் தண்ணீரின் முதல் மூலம் இந்த ஆறுதான். தாமரைப்பாக்கம் கட்டப்பட்ட நாள் முதல் கொசஸ்தலையின் கீழ்ப்பகுதிக்குக் கிடைத்தது மிச்சம்தான்.

தாமரைப்பாக்கத்தில் திருப்பியது போக வெள்ளக்காலத்து நீர் முழுதும் வீணே கடலுக்குப் போகிறது என்ற எண்ணம் அடுத்த தலைமுறைப் பொறியாளர்களுக்கு இருந்தது. ‘வீண்’ என்பது நகரத்தின் கணக்கு. கழிமுகத்து இறாலுக்கும் மீனுக்கும் அந்த வெள்ளம்தான் உயிர். ஆனால் அன்று யாரும் கழிமுகத்து மீனவர்களின் கணக்கைக் கேட்கவில்லை.

1939இல் சென்னை மேயரான எஸ். சத்தியமூர்த்தி, தேச விடுதலை இயக்கத்தின் பெரும் பேச்சாளர், பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். உலகப்போர்க் காலம்; ஆங்கில அரசிடம் காங்கிரஸ்காரர் ஒருவர் அணைக்குப் பணம் கேட்பது எளிதல்ல. 1940 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 65 லட்சம் ரூபாயில் வேலை முடிந்து 1944 ஜூன் 14 அன்று ஆளுநர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்தார். சத்தியமூர்த்தி அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சிலேயே காலமாகியிருந்தார். நீர்த்தேக்கத்துக்குப் பின்னர் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயரிட்டனர். தொடக்கத்தில் 2,573 மில்லியன் கனஅடியாக இருந்த கொள்ளளவு, கிருஷ்ணா நீரை வாங்கிக்கொள்வதற்காக 3,231 மில்லியன் கனஅடியாக உயர்த்தப்பட்டது. உயரம் 35 அடி, 16 மதகுகள்.

கிருஷ்ணா நீர் என்பது இந்த ஆற்றில் கலந்த புதிய உறவு. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தத்தம் கிருஷ்ணா பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. சென்னைக்கு விட்டுக்கொடுக்க 1976இல் இசைந்தன. எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் 1983இல் ஒப்பந்தம் செய்தனர். கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக 1996இல் நீர் தமிழக எல்லையான ஜீரோ பாயின்ட்டைத் தொட்டுப் பூண்டிக்கு வந்தது. வழியில் ஆவியாவதும் கசிவதும் போக 12 டி.எம்.சி. வர வேண்டும் என்பது பேச்சு. அந்த அளவு வந்து சேராத ஆண்டுகள்தான் அதிகம். இருந்தாலும் கோடையில் பூண்டி முற்றிலும் வறண்டுவிடாமல் காப்பதில் கிருஷ்ணாவுக்குப் பெரிய பங்குண்டு.

மேலே ஓடும் நீர் போதாமல் கீழே கிடக்கும் நீரையும் நகரம் எடுத்தது. 1966–69இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியோடு நடந்த ஆய்வு, ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலைக்கும் இடைப்பட்ட படுகையில் பெரும் நன்னீர்ப் படலங்கள் இருப்பதைக் காட்டியது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், பூண்டி எனக் குழாய்க்கிணற்றுப் பண்ணைகள் தோன்றின. மணலித் தொழிற்சாலைகளுக்கும் மாநகரத்துக்கும் இரவு பகலாக இறைத்தார்கள், விவசாயிகளும் இறைத்தார்கள். நன்னீர் பின்வாங்கப் பின்வாங்கக் கடல் நிலத்தடியில் உள்ளே நகர்ந்தது. 1969இல் மீஞ்சூர்ப் பகுதியில் கடற்கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த உவர்ப்பு, 1983இல் சுமார் 9 கி.மீ. வரை வந்துவிட்டது, பின்னர் இன்னும் உள்ளே. முப்போகம் விளைந்த நிலங்களில் கிணற்று நீர் பயிருக்கு ஆகாமல் போயிற்று. அதே மீஞ்சூர்ப் பெயரைத் தாங்கிக் காட்டுப்பள்ளியில் 2010இல், கடல்நீரைக் குடிநீராக்கி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை வந்தது. அந்த நீரும் சென்னைக்குத்தான்.

எண்ணூர்க் கழிமுகம்

இந்த ஆற்றின் மிகச் செழித்ததும் மிகுந்த அடிபட்டதும் இதன் கடைசிச் சில கிலோமீட்டர்கள்தான்.

கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் இடம் இது. ஏற்றத்தில் உப்புநீர் வல்லூர்ப் பக்கம் வரை மேலேறும். இறக்கத்தில் சேற்றுத்திட்டுகள் வெளிப்படும். வடக்கே ஒரு நீர்க்கை காட்டுப்பள்ளியைச் சுற்றிப் பழவேற்காடு ஏரி வரை போகிறது. இந்த நீர்க்கைக்கும் கடலுக்கும் நடுவே காட்டுப்பள்ளி ஒரு நீண்ட மணல் தீவாகக் கிடக்கிறது. கரையில் அலையாத்தி, உப்புச்செடிகள். நீரில் மடவை, கிழங்கான், கொடுவா, நண்டு, பாறையில் ஒட்டிய ஆழி. எல்லாவற்றுக்கும் மேலாக இறால்.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, சேற்றிலும் அலையாத்தி வேரிலும் தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும், உள்ளே நீர் உப்பும் நன்னீருமாகக் கலந்திருக்க வேண்டும், அடித்தளம் மென்சேறாக இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று போனாலும் இறால் இல்லை. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய மீனவக் குப்பங்கள் வலை வீசியும் படகில் சென்றும் பிடித்தன. இருளர் பழங்குடியினர் வலையே இல்லாமல் பிடித்தனர், இன்றும் பிடிக்கிறார்கள். ஆண்களும் பெண்களும் கழுத்தளவு அல்லது இடுப்பளவு நீரில் குந்திக்கொண்டு, இரு கைகளையும் சேற்றில் பரப்பித் தடவிக்கொண்டே நகர்வார்கள். விரலில் தட்டியதும் இறாலை அமுக்கி எடுத்து, பல்லில் கவ்வியிருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறிக்கு இடம் வாய்தான். எண்ணெயோ சாம்பலோ ஆற்றில் கலந்தால் முதலில் தெரிவது அந்தக் கைகளுக்குத்தான்.

தொழில்களில் முதலில் வந்தது போக்குவரத்து. 1806இல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி முடித்த கால்வாய் பின்னர் பழவேற்காட்டுக்கும் அதற்கு வடக்கேயும் நீண்டு, 1878இல் ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாயாயிற்று. விறகும் உப்பும் தானியமும் ஏற்றிய படகுகள் கொசஸ்தலையைக் குறுக்கே கடந்து பேசின் பிரிட்ஜுக்கு வந்தன. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதியில் உப்பளங்கள் பரந்திருந்தன. உப்பளம் கழியை அடைப்பதில்லை. வரப்புகளுக்கிடையே ஏற்றத்து நீரை வாங்கி வெயிலுக்குக் கொடுத்து உப்பெடுக்கும். ஆற்றோடு ஒத்துப்போன தொழில் அது.

ஒத்துப்போகாத தொழில்கள் சுதந்திரத்துக்குப் பின் வந்தன. 1960களின் இறுதியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, பின்னர் உர ஆலை. 1970 முதல் எண்ணூர் அனல்மின் நிலையம், முழுத்திறன் 450 மெகாவாட், 2017இல் மூடப்பட்டது. 1990களின் நடுவில் முகத்துவாரத்துக்கு வடகரையில் வடசென்னை அனல்மின் நிலையம், 630 மெகாவாட், பின்னர் மேலும் 1,200. உப்பளங்கள் இருந்த பக்கத்தில் வல்லூர் அனல்மின் நிலையம், 1,500 மெகாவாட். நிலக்கரி இறக்குவதற்காகவே முதலில் எழுந்த எண்ணூர்த் துறைமுகம் 2001 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டு, 2014இல் காமராஜர் துறைமுகமாயிற்று. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். சதுப்பும் உப்பளமும் ‘தரிசு’ என்ற பதிவோடு ஏக்கர் ஏக்கராகக் கைமாறின.

நிலக்கரிச் சாம்பல்தான் ஆற்றுக்கு நேர்ந்த பெரிய கேடு. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, ஆற்றையும் சதுப்பையும் தாண்டிச் செல்லும் குழாய்கள் வழியே செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்பினார்கள். குழாய்கள் பழையவை, வெடிப்பும் கசிவும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. கசிந்த சாம்பல் கழிமுகத்தின் அடியில் படிந்து சிமென்ட்டைப் போல இறுகியது. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடங்களில் முழங்கால் அளவு நீர் நின்றது. படகு ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. மென்சேறு போனதும் இறாலுக்கு இடம் போயிற்று. குளிர்விக்கப் பயன்பட்டுச் சூடாக வெளிவரும் நீரும் இதே கழியில் விடப்பட்டது. சாம்பல் வழக்கில் 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மின் கழகத்தின் பொறுப்பை உறுதிசெய்து, கழிமுகத்தைச் சீராக்கவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு தரவும் வழிவகுத்தது. மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததைத் தீர்ப்பு ஏடேற்றியது.

வரைபடத்தில் நடந்தது இன்னொரு வகைக் கேடு. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகத்தின் ஏறக்குறைய 6,500 ஏக்கர், கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் புழக்கத்துக்கு வந்த மற்றொரு வரைபடத்தில் அந்தக் கழியின் பெரும்பகுதியைக் காணோம். 2017இல் இந்த முரண்பாடு வெளிச்சத்துக்கு வந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு ஜனவரியில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்ச் சாம்பல் வெளியில் நின்று பாடிய ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ வெளியாகி, மயிலாப்பூர் சபாக்களில் மட்டும் இசை கேட்டவர்களுக்கும் இந்தக் கழிமுகத்தைக் காட்டியது. ஏற்றத்து நீர் ஏறும் நிலமெல்லாம் ஆறுதான்; தாளில் தரிசு என்று எழுதியதால் கடல் ஏறாமல் இருந்துவிடாது.

மனிதர் கொண்டுவந்த ஓர் உயிரினமும் இப்போது ஆற்றில் குடியேறிவிட்டது. மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று அழைக்கும் கறுத்த சிறு மட்டி, தென் அமெரிக்கக் கடலோரத்தது. கப்பல்கள் நிலைகுலையாமல் இருக்க அடியில் நிரப்பும் நீரோடு வந்ததாகக் கருதப்படுகிறது. எண்ணூரிலும் பழவேற்காட்டுப் பக்கத்திலும் அடித்தளத்தில் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்து, உள்ளூர் ஆழியையும் இறால் மேயும் சேற்றையும் மூடிவருகிறது.

முகத்துவாரம் மணல் மேடிட்டு மூடிக்கொள்வது தனிக்கதை. சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்தும். 1870களில் தொடங்கிக் கட்டப்பட்ட சென்னைத் துறைமுக அலைதடுப்புச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் தின்றது. குப்பங்கள் தெருத்தெருவாகக் கடலுக்குப் போயின. பின்னர் கருங்கல் கொட்டித் தடுத்தார்கள். இந்தச் செயற்கைக் கரையும் வடக்கே துறைமுகங்களின் சுவர்களும் சேர்ந்து முகத்துவாரத்து மணலின் போக்கைக் குலைத்துவிட்டன. பழைய காலத்தில் மழைக்கால வெள்ளம் வாயை அகலத் திறந்துவிடும். பூண்டியிலும் தாமரைப்பாக்கத்திலும் வெள்ளம் தடைப்பட்டு, கழிக்குள் சாம்பலும் படிந்த பிறகு அந்த வேகம் இல்லை. இப்போது இயந்திரம் வைத்துத் தூர்வாருகிறார்கள்.

வெள்ளம்

வேகம் குறைந்தது என்றால் வெள்ளமே வருவதில்லை என்று பொருளல்ல. பூண்டி நிரம்பிவிட்டால் மதகுகளைத் திறக்கத்தான் வேண்டும். விநாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி என்று அறிவித்து, கரையோர ஊர்களில் ஒலிபெருக்கியில் எச்சரிப்பார்கள். அந்த நீர் தாமரைப்பாக்கம், வல்லூர் தாண்டி மணலிப் புதுநகருக்கு வரும்போது, கழிமுகத்தில் அது முன்பு பரவிக் கிடந்த சதுப்பில் சாம்பல் குட்டையும் சரக்கு முனையமும் இருக்கின்றன. வெளியேற வழி தேடி நீர் ஊருக்குள் புகுகிறது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் மணலிப் புதுநகர், சடையங்குப்பம், இடையஞ்சாவடி ஆகியவை மூழ்கின. 

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் கழிவெண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியே இறங்கி, எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடாவின் இறகு எல்லாம் கறுத்தன. முதல் நாட்களில் காட்டுக்குப்பத்து மீனவர்களே படகில் போய், பக்கெட்டாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளினார்கள். மேலெல்லாம் எண்ணெய், கண்ணெல்லாம் எரிச்சல். அந்த மாத இறுதியில் பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் ஊரே எழுந்து ஓடியது. அடுத்தடுத்த இந்த இரு நிகழ்ச்சிகளுக்குப் பிறகு எண்ணூர்ப் பகுதி மக்கள் நூறு நாள் கடந்தும் போராட்டப் பந்தலில் அமர்ந்தனர்.

2024 மார்ச்சில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் 800 மெகாவாட் மூன்றாம் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், மூடப்பட்ட எண்ணூர் நிலைய வளாகத்தில் 660 மெகாவாட் புதிய நிலையம் கட்டுவது குறித்த கருத்துக் கேட்புக் கூட்டம் எர்ணாவூரில் நடந்தது. பேச வந்தவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள்.